பெருங்கிதார்

சில மாதங்களுக்கு முன்னர், என்னிடம் பௌதிகம் பயிலும் மாணவர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்திருந்தார். முன்னறையில் சுவரை ஒட்டி நின்ற என் கிதாரைக் கண்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி இது: "ஐயா, இதற்குள் மின்சாரக் கருவிதான் இருக்கிறதே, பின்னர் இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு?" நான் விடை சொல்லத் தொடங்குமுன் மறு கேள்வியையும் அவரே தொடுத்தார்: "இவ்வளவு பெரிய பெட்டி இருக்கும்போது மின்சாரம்தான் எதற்கு?"

இரண்டும் நல்ல கேள்விகள். வெறும் ஆவலால் மட்டும் பிறந்தவையும் அல்ல. அவருடைய தந்தையார் சிறியதொரு மளிகைக் கடை வைத்திருப்பவர். கல்லூரி இசைக் குழுவில் வாசிக்க விரும்பிய மகனுக்குக் கிதார் வாங்கித் தருவதற்காக, அவர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அப்பணத்திற்கு என்னுடையது போன்ற பெருங்கிதார் ஒன்றை வாங்கலாமா என்று அறியவே மாணவர் வந்திருந்தார். தவறான கருவியை வாங்கிவிட்டால் மறுமுறை வாங்க அக்குடும்பத்திற்கு வசதி இல்லை. ஆகவே, அன்று மாலை முழுவதும் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கூறியவற்றையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகின்றேன்.

முதலில் ஒரு சிறு சோதனை. கிதார்த் தந்தி ஒன்றை எடுத்து, கற்சுவரில் அடித்த இரண்டு ஆணிகளுக்கிடையே இறுகக் கட்டி மீட்டிப் பாருங்கள். காதை அருகே கொண்டு சென்றாலன்றி ஒலி நன்கு கேளாது. காரணம் என்ன? தந்தி மிக மெல்லியது. அது அசையும்போது காற்றைத் தள்ளுவதில்லை. காற்று அதன் இரு புறமும் வழுக்கிச் சென்றுவிடுகிறது. அதே தந்தியை மெல்லிய மரப்பெட்டியொன்றின் மேல் கட்டி மீட்டினால் அறை முழுவதும் ஒலிக்கும். தந்தி பலகையை அசைக்கிறது. அகன்ற பலகை காற்றை அசைக்கிறது. காற்று நம் செவியை அசைக்கிறது. யாழில் பத்தர் என்றும் வீணையில் குடம் என்றும் நம் முன்னோர் பெயரிட்ட உறுப்பு செய்த வேலையையே கிதாரில் இப்பெட்டி செய்கிறது.

வீணையை அறிந்தவர்களுக்குக் கிதாரின் பிற உறுப்புகளும் புதியவை அல்ல. தந்திகளைத் தாங்கும் குதிரை இங்கும் உண்டு. சுருதி கூட்டும் பிரடைகளுக்கு ஈடாகப் பல்சக்கரம் பொருந்திய திருகுகள் உண்டு. மெட்டுகளும் உண்டு. வீணையில் மெட்டுகளை மெழுகின் மேல் பதிப்பர். கிதாரில் அவை மரத்திலேயே அறைந்து பதிக்கப்படுகின்றன. ஆறு தந்திகளுள் தடித்தது நொடிக்கு 82 முறையும், மெல்லியது 330 முறையும் அதிரும்படி சுருதி கூட்டுவது வழக்கம். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்குச் செல்லும்போது இவ்வெண்ணிக்கை 1.0595 மடங்காகப் பெருகும். இப்படிப் பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக இரு மடங்கு வரும். அதாவது மேல் ஷட்ஜம் வரும். என் கிதாரில் தந்தியின் ஒலிக்கும் நீளம் 648 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் மெட்டு அதன் நடுவே 324 மில்லிமீட்டரில் அமைந்திருக்கிறது. ஒரு கணக்கு வாய்பாடே மரத்தில் வரையப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

இனி, பெட்டி ஏன் பெரிதாயிற்று என்பதைக் காண்போம். இக்கதை அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடல் நரம்புகளின் இடத்தை எஃகுத் தந்திகள் பிடிக்கத் தொடங்கின. கிதார் வீட்டுக் கூடத்தை விட்டு அரங்கிற்கும், வானொலி நிலையத்திற்கும், திரைப்படத்திற்கும் வந்தது. மற்றக் கருவிகளுக்கிடையே அதன் குரல் அமுங்கிவிடாமல் இருக்க வேண்டுமன்றோ? பெட்டியைப் பெரிதாக்குவதே கருவி செய்வோருக்குத் தெரிந்த வழி. மார்ட்டின் என்னும் நிறுவனம் 1916-இல் செய்த பெரிய கிதார் வகைக்கு, 1906-இல் பிரிட்டன் நீரில் இறக்கிய 'ட்ரெட்நாட்' என்னும் போர்க்கப்பலின் பெயரே அமைந்தது. கிப்சன் நிறுவனம் 1934-இல் தன் பெரிய கிதாருக்கு 'ஜம்போ' என்று பெயரிட்டது. ஜம்போ என்பது இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் இருந்த ஆப்பிரிக்க யானையின் பெயர். 1882-இல் அது அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பெரும் புகழ் பெற்றது. பின்னர் அதன் பெயர், பெரியவை எல்லாவற்றையும் குறிக்கும் சொல்லாயிற்று.

அதுவும் போதவில்லை. மந்தை மேய்க்கும் வீரர் வேடமேற்றுத் திரையில் பாடி வந்த ரே விட்லி என்பவர், ஆழ்ந்த கீழ்க்குரல் கொண்ட கிதார் ஒன்றைத் தமக்குச் செய்து தருமாறு கிப்சன் நிறுவனத்தாரைக் கேட்டார். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இருந்த அவர்களுடைய தொழிற்சாலையில் 1937-இல் அவருக்காக ஒன்று உருவாயிற்று. அடிப்புறத்தில் ஏறத்தாழ 17 அங்குல அகலம். நடுவே நன்கு ஒடுங்கிய இடை. மீசை போல் வளைந்த குதிரை. மறு ஆண்டிலிருந்து அது பலருக்கும் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் ஜம்போ என்று வழங்கும் பெருங்கிதார்களுள் பல, இந்த வடிவத்தின் வழிவந்தவையே.

வாய் குறுகிய குடத்தின் மேல் ஊதினால் 'பும்' என்று ஒலிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குடம் பெரிதானால் ஒலி தாழும். கிதாரின் ஒலித்துளையும் அதனுள் அடைபட்ட காற்றும் அவ்வாறே இயங்குகின்றன. சாதாரணக் கிதார்ப் பெட்டியின் காற்று நொடிக்கு ஏறத்தாழ 100 அதிர்வுகளில் ஒத்ததிரும். பெட்டி பெருத்தால் அவ்வெண்ணிக்கை தாழும். ஆகவே பெருங்கிதாரின் தடித்த தந்திகளை மீட்டும்போது, ஒலி செவிக்கு மட்டும் எட்டுவதில்லை. மார்போடு அணைத்திருக்கும் முதுகுப் பலகை வழியே நம் உடலையும் எட்டுகிறது. இக்கருவியை உடையவர்கள் அதனை விட்டுப் பிரிய மனமில்லாதிருப்பதற்கு இந்த உணர்ச்சி ஒரு காரணம் என்பது என் அனுபவம்.

ஆனால் பெட்டி பெரிதாயிருப்பது மட்டுமே சிறப்பன்று. ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 160 பவுண்டு. அதாவது வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை. அதனைத் தாங்கும் முகப்பலகையின் கனமோ 3 மில்லிமீட்டர்கூட இராது. இரவும் பகலும், நாம் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், அந்த இழுப்பு நீங்குவதில்லை. பலகையைத் தடிப்பாக்கினால் தாங்கும், ஆனால் ஒலிக்காது. மெல்லியதாக்கினால் நன்கு ஒலிக்கும். ஆனால் சில ஆண்டுகளில் வளைந்துவிடும். தாங்கவும் வேண்டும், அசைந்து கொடுக்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடத்தில்தான் நல்ல கிதார் வாழ்கிறது. சாக்சனியில் பிறந்து 1833-இல் அமெரிக்காவில் குடியேறிய மார்ட்டின் என்பவரின் பட்டறையில், 1840-களில், பலகையின் உட்புறத்தில் பெருக்கற் குறி போல் குறுக்கும் மறுக்குமாகச் சட்டங்களை ஒட்டும் முறை வளர்ந்தது. எஃகுத் தந்திகள் வந்தபோது அம்முறையே கைகொடுத்தது. அச்சட்டங்களை எங்கே செதுக்குவது, எவ்வளவு செதுக்குவது என்பதில்தான் கைவினைஞரின் திறமை இருக்கிறது. விலையுயர்ந்த கிதாருக்கும் மலிவான கிதாருக்கும் உள்ள வேறுபாட்டிற் பெரும்பகுதி, வெளியே கண்ணுக்குத் தெரியாத இவ்விடத்தில் உள்ளது.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். முகப்பலகைக்கு இலேசாகவும் உறுதியாகவும் இருக்கும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் ஏற்றது. முதுகுக்கும் விலாவுக்கும் கிப்சன் நிறுவனத்தார் தொடக்கத்தில் ரோஸ்வுட் மரத்தையும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேப்பிள் மரத்தையும் பயன்படுத்தினர். என் கிதாரின் முதுகு இந்திய ரோஸ்வுட். அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் அதனைச் சொல்வர். பிரேசில் நாட்டு மரம் கிடைப்பது அரிதானபோது, மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அளவின்றி வெட்டினால் எந்த மரமும் மிஞ்சாது. பிரேசில் ஈட்டியின் வாணிகம் 1992 முதல் பன்னாட்டு உடன்படிக்கையால் தடுக்கப்பட்டிருக்கிறது. 2017-இல் ஈட்டி இனங்கள் அனைத்துமே கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு மட்டும் 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது. நம் மலையில் வளர்ந்த மரம் கடல் கடந்து சென்று, கிதாராகி, என் மடிக்கு வந்திருக்கிறது என்று எண்ணும்போது பெருமையும் கவலையும் ஒருங்கே தோன்றுகின்றன. இனி ஒரு மரம் வெட்டப்படாமல் இருக்க வேண்டுமானால், இருக்கும் கருவி நெடுங்காலம் இருக்க வேண்டும்.

இனி வாசிப்புக்கு வருவோம். பெருங்கிதாரை மடியில் வைத்ததும் முதலில் தெரிவது அதன் பருமன். வலக்கை அதன் விலாவின் மேல் ஏறி இறங்க வேண்டும். உடல் சிறியவராயின் தோள் உயர்ந்து நிற்கும். அரை மணியில் வலி எடுக்கும். நான் முதலாண்டில், பெரிய கருவிக்குப் பெரிய வீச்சு வேண்டும் என்று எண்ணித் தந்திகளை ஓங்கி அறைந்து வந்தேன். ஒலி பெருகவில்லை, இரைச்சலே பெருகியது. நியூயார்க்கின் ஹார்லம் பகுதித் தெருக்களில் பாடி வந்த கண்ணற்ற இசைஞர் கேரி டேவிஸ், பெருவிரலையும் சுட்டுவிரலையும் மட்டுமே கொண்டு கிப்சன் பெருங்கிதாரை வாசித்தவர். அவருடைய இசைப்பதிவுகளைக் கேட்டபின்தான் என் பிழை விளங்கிற்று. பெருவிரல் தாழ்ந்த தந்திகளில் நடை போடுகிறது. சுட்டுவிரல் உயர்ந்த தந்திகளில் பேசுகிறது. இரண்டு விரல்களில் ஒரு சிறு குழுவே ஒலிக்கிறது. பெரிய பெட்டி நம்மிடம் வேண்டுவது வலிமையை அன்று, அளவை.

இப்போது மின்சாரத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு பெரிய பெட்டியானாலும், ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கில், முரசுக்கும் மின்கருவிகளுக்கும் இடையே அது கேளாது. ஆகவே 1954-இல் கிப்சன் நிறுவனத்தார் காந்தப் பிக்கப் ஒன்றைப் பொருத்திய மரக்கிதாரை வெளியிட்டனர். பீட்டில்ஸ் குழுவினர் 1962-இல் வாங்கி வாசித்தது அவ்வகையே. அக்கிதார் அரங்கில் ஊளையிடாமல் இருக்கும் பொருட்டு, அதன் முகத்தை ஒட்டுப்பலகையால் செய்து, சட்டங்களை ஏணிப்படி போல் அமைத்தனர். ஊளை குறைந்தது, ஆனால் பலகையின் அசைவும் குறைந்தது. மின்சாரம் இன்றி வாசித்தால் அதன் குரல் சற்று ஒடுங்கியே ஒலிக்கும். தாங்குவதற்கும் அசைவதற்கும் இடையே உள்ள போராட்டம் இங்கும் வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

வேறொரு வழியைத் திறந்தது பௌதிகம். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-இல் பியர் கியூரியும் அவருடைய தமையனார் ஷாக் கியூரியும் கண்டறிந்தனர். ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பின், ஹெலிகாப்டர் பொறியியல் வல்லுநரும் கிதார்ப் பிரியருமான சார்லஸ் கேமன் நிறுவிய ஓவேஷன் என்னும் கிதார்த் தொழிற்சாலை, அவ்வியல்பைக் குதிரையில் பயன்படுத்தி வெற்றி கண்டது. இன்று என் கிதாரிலும், தந்திகள் அமர்ந்திருக்கும் எலும்புத் துண்டின் அடியில் மெல்லிய பட்டை ஒன்று படுத்திருக்கிறது. தந்தி அதிரும்போது அது அழுத்தப்படுகிறது; அழுத்தம் மின் குறியாகிறது. அக்குறி மிக நலிந்தது. ஆதலால் பெட்டியின் விலாவிலேயே பிரீஆம்ப் என்னும் சிறு பெருக்கியும், அதற்கு 9 வோல்ட் பாட்டரியும் இருக்கின்றன. மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று: இவ்வகைக் கிதார்கள் பலவற்றில் கம்பியைச் செருகியவுடன் பாட்டரி செலவாகத் தொடங்கும். வாசித்து முடித்ததும் கம்பியை எடுத்துவிட வேண்டும்.

இம்மின்சாரம் எனக்கு ஒரு முறை நல்ல பாடம் கற்பித்தது. கல்லூரி விழா ஒன்றில் ஒலிபெருக்கிக்கு எதிரே அமர்ந்து வாசித்தேன். ஒலி போதவில்லை என்று எண்ணிப் பெருக்கியைத் திருகினேன். உடனே அரங்கம் அதிரும்படி ஊளை ஒன்று எழுந்தது. அஞ்சி, இன்னும் ஓங்கி மீட்டினேன், ஊளையும் ஓங்கிற்று. நடந்தது இதுதான்: ஒலிபெருக்கியின் ஒலி என் கிதாரின் பெரிய முகத்தை அசைத்தது; அவ்வசைவைப் பிக்கப் மீண்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்பியது; அது மேலும் பெருகித் திரும்பி வந்தது. எந்த அகன்ற பலகை எனக்கு இன்பம் தந்ததோ, அதுவே எதிரொலிக்கும் இரையாயிற்று. இப்போது நான் ஒலிபெருக்கிக்குப் பக்கவாட்டில் அமர்கிறேன். ஒலித்துளைக்கு ரப்பர் மூடி இடுகிறேன். ஊளையிடும் தாழ்ந்த சுரத்தை மட்டும் பிரீஆம்பில் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன்.

இதனினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. ஏழாண்டுகள் சேமித்து வாங்கிய கருவி இது. ஒரு கோடை நண்பகலில், திருமண மண்டபம் ஒன்றின் வாயிலில், பூட்டிய காருக்குள் இதனை வைத்துவிட்டு உணவருந்தச் சென்றேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பெட்டியைத் திறந்தபோது, குதிரையின் பின்விளிம்பு முகப்பலகையை விட்டு எழும்பியிருந்தது. அவ்விடைவெளியில் ஒரு தாளை நுழைக்கலாம். வெயிலில் அடைபட்ட கார் அடுப்புப் போல் ஆகிவிடும்; அச்சூட்டில் பசை இளகும். தந்திகளோ 160 பவுண்டு விசையோடு இழுத்துக்கொண்டேயிருக்கின்றன. குற்றம் செய்தவரது அன்று. குற்றம் முழுவதும் என்னுடையது. அன்று சோதனைக்காகக் கம்பியைச் செருகிப் பார்த்தேன். மின்கருவி பழுதின்றி வேலை செய்தது. ஆனால் அது அனுப்புவதற்கு ஏற்ற குரல்தான் இல்லை. தகரத்தைத் தட்டுவது போன்ற ஒலியே வந்தது. மாணவரின் முதற் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

பழுது பார்ப்பவர் குதிரையை மெல்லச் சூடேற்றிக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, இறுக்கி வைத்து, மூன்று நாள் கழித்துத் தந்தார். அன்றிலிருந்து சில விதிகளைத் தவறாமல் பின்பற்றி வருகிறேன். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருப்பது கிதாருக்கு நல்லது. கடற்கரை ஊர்களில் ஈரம் அதனினும் மிகுதி. குளிரூட்டிய அறைகளில் சில வேளை குறைவு. ஆகவே வாசிக்காத நேரத்தில் அதனை உறையிட்ட பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்கிறேன். வாசித்தபின் தந்திகளின் வியர்வையை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். வெயிலில் நிற்கும் வண்டியில் ஒருபோதும் விட்டுச் செல்வதில்லை.

இத்தனையும் கேட்ட மாணவர், "அப்படியானால் நான் எதை வாங்குவது, ஐயா?" என்று கேட்டார். நான் சொன்னது இது. கடைக்குச் சென்றால் முதலில் கம்பியைச் செருகாதீர்கள். மின்சாரம் இன்றி வாசித்துப் பாருங்கள். பெட்டி தானே பேச வேண்டும். மடியில் வைத்தபோது வலத்தோள் இயல்பாகத் தாழ்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஒலித்துளையின் விளிம்பை உற்று நோக்குங்கள். மேலே தெரியும் மரத்தின் வரைகள் கனத்தின் ஊடேயும் தொடர்ந்து சென்றால் அது ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை அழுத்தி மீட்டிய சுரமும், அதே இடத்தில் விரலால் தொட்டுவிட்டு மட்டும் மீட்டிய சுரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். இவையெல்லாம் தேறிய பின்னரே மின்கம்பியைச் செருகுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். உடன் அவர் தந்தையாரும் வந்திருந்தார். வாங்கியது பெருங்கிதார் அன்று. மாணவர் மெலிந்த உடலினர்; கடையில் இருந்த ஜம்போவை மடியில் வைத்தபோது அவர் தோள் காதைத் தொட்டதாம். அதே விலைக்குக் கிடைத்த ஜம்போவின் முகம் ஒட்டுப்பலகை. சிறிய கிதாரின் முகமோ ஒரே ஸ்புரூஸ் பலகை. ஆகவே சிறியதைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் முன்னறையில் அமர்ந்து, கம்பி எதுவும் இன்றி, அதனை அவர் வாசித்துக் காட்டினார். கடைக் கணக்கன்றி இசைக் கணக்கு அறியாத அவர் தந்தையார், "ஓசை நன்றாக இருக்கிறதே!" என்று சொன்னார். அது சரியான தீர்ப்பே.

மாணவ நண்பர்களே, பெரியது வாங்கினாலும் சிறியது வாங்கினாலும், உங்கள் கருவியின் குரல் பிறப்பது மரத்தில். மின்சாரம் அதனைத் தொலைவுக்குச் சுமந்து செல்லும் தூதுவன். தூதுவனை நம்பி, குரலை மறந்துவிடாதீர்கள். உங்களுக்கு ஏற்ற கருவியைத் தேடிக்கொள்ளுங்கள். நாள்தோறும் சிறிது நேரமேனும் வாசியுங்கள். வெயிலிலிருந்து அதனைக் காப்பாற்றுங்கள்.